வங்கி ‘திட்டமிட்ட பராமரிப்பு’ என்று சொல்லும் அந்த நள்ளிரவில் என்னதான் நடக்கிறது?

“ஞாயிறு அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை திட்டமிட்ட பராமரிப்புப் பணி. சில சேவைகள் கிடைக்காமல் போகலாம்.”

இந்த மாதிரி அறிவிப்பு உங்கள் வங்கிச் செயலியில் எத்தனையோ தடவை வந்திருக்கும். பார்த்த கையோடு மூடியிருப்பீர்கள். தூங்குகிற நேரம்தானே, நமக்கென்ன?

ஜாலான் புசார், லிட்டில் இந்தியா பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் கதை வேறு. வாரம் முழுக்க உழைத்த வெளிநாட்டு ஊழியர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப வரும் நாள் அது. டெஸ்கர் ரோடு, சையது ஆல்வி ரோடு பக்கம் கடைகள் நிரம்பி வழியும் நாள். காலை 6 மணிக்கு முடிய வேண்டிய வேலை 10 மணிக்கும் முடியவில்லை என்றால், முதலில் அடிபடுவது அங்கே வரிசையில் நிற்கிறவர்கள்தான்.

கற்பனை இல்லை. ஞாயிறுக்குப் பதில் திங்கள். மற்றபடி அப்படியே நடந்திருக்கிறது.

2010 ஜூலை 5: ஒரு சின்ன ரிப்பேர்

அன்று அதிகாலை சுமார் 3 மணி. டிபிஎஸ் வங்கியின் தரவு நிலையத்தில் ஒரு பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. வங்கியின் மெயின்ஃப்ரேம் கணினியோடு இணைந்த சேமிப்பகத்தில், அதாவது கணக்குகள் எல்லாம் பதிவாகியிருக்கும் டிஸ்க் தொகுதியில், ஓர் இணைப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று ஜூலை 3ஆம் தேதியே எச்சரிக்கை வந்திருந்தது. சேமிப்பகம் அப்போது முழுசாக இயங்கிக்கொண்டுதான் இருந்தது. யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. பாகத்தை மாற்றினால் வேலை முடிந்தது. அவ்வளவுதான்.

மாற்றும்போது பயன்படுத்திய செய்முறை பழையது. காலாவதியானது. அதன் விளைவாக, சேமிப்பகம் மெயின்ஃப்ரேமோடு பேசுவதையே நிறுத்திவிட்டது.

டிபிஎஸ், பிஓஎஸ்பி ஏடிஎம்கள், இணைய வங்கி, கிளைகளின் கணினிகள் என்று ஏறக்குறைய எல்லாமே படுத்துவிட்டன. சேவைகள் திரும்பியபோது காலை 10 மணி. ஏழு மணி நேரம். வேலைக்குப் போகும் வழியில் பணம் எடுக்க நின்றவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

அந்த வேலையைச் செய்தது வங்கியின் சொந்த ஊழியர்கள் இல்லை. 2002இல் டிபிஎஸ் தன் கணினி வேலைகளை ஐபிஎம் நிறுவனத்திடம் 10 ஆண்டுக்கு ஒப்படைத்திருந்தது. ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 1.2 பில்லியன் வெள்ளி. தவறு தங்கள் பக்கம்தான் என்பதை ஐபிஎம் ஒப்புக்கொண்டது. ஆனால் சிங்கப்பூர் நாணய ஆணையம் பொறுப்பை வங்கியிடம்தான் வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கூடுதலாகச் சுமார் 230 மில்லியன் வெள்ளி மூலதனத்தை ஒதுக்கிவைக்கும்படி டிபிஎஸ்ஸுக்கு உத்தரவிட்டது. இது அபராதம் இல்லை. பணம் வங்கியிடமே இருக்கும், ஆனால் அதை வைத்துத் தொழில் பண்ண முடியாது. ஒரு வங்கிக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று நிதித்துறையில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

சரி. இவ்வளவு பெரிய வங்கியிடம் மாற்று நகல் எதுவும் இருக்காதா? இப்படிக் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. எல்லாப் பெரிய வங்கிகளிடமும் நகல் இருக்கும். ஒன்றுக்கு மேலேயே இருக்கும். அந்த நகல்களைப் பராமரிப்பதுதான் இந்தத் தொழிலிலேயே பதற்றமான வேலை.

மெயின்ஃப்ரேம் இன்னமும் இருக்கிறதா?

இருக்கிறது. ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது 1964 ஏப்ரலில். அதன் வாரிசுகள்தான் இன்றைக்கும் உலகின் பல பெரிய வங்கிகளில் கணக்கு வழக்கைப் பார்க்கின்றன. உங்கள் கைப்பேசியில் இருக்கும் செயலி வெறும் முகப்பு. “என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?” என்ற கேள்விக்குப் பதில் வருவது பல வங்கிகளில் இன்னும் அங்கிருந்துதான்.

ஒரு கணக்கு நோட்டு, மூன்று பிரதிகள்

நகல் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை ஒரு மளிகைக் கடையை வைத்துப் பார்ப்போம்.

ஜாலான் புசாரில் ஓர் அண்ணன் கடை வைத்திருக்கிறார். பாதிப் பேர் கடனுக்குத்தான் வாங்குவார்கள். எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. நோட்டு தீப்பிடித்தால் கடையே போச்சு. அதனால் தேக்காவில் இருக்கும் தன் மச்சானிடம் இன்னொரு நோட்டைக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வரி எழுதும்போதும் போனில் சொல்வார். மச்சான் “எழுதிட்டேன்” என்று சொன்ன பிறகுதான் அடுத்த வாடிக்கையாளர்.

இதுதான் உடனுக்குடன் நகலெடுக்கும் முறை. ஐபிஎம் உலகில் இதற்கு மெட்ரோ மிரர் என்று பெயர். இரண்டு நோட்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும், ஒரு வரிகூடப் பிசகாது. ஆனால் மச்சானின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 5 மைக்ரோவினாடி ஆகும். ஜூரோங்கில் ஒரு நிலையம், 30 கிலோமீட்டர் தள்ளித் தெம்பனிஸில் இன்னொன்று என்று வைத்துக்கொண்டால், போய்வர 0.3 மில்லிவினாடி. யாருக்கும் தெரியாது. சின்னத் தீவாக இருப்பதில் இது ஒரு வசதி.

அதுவே ஒரு வசதிக்குறைவும்கூட. ஒரே தீவில் இரண்டு நகலும் இருந்தால், தீவுக்கே ஏதாவது வந்தால் இரண்டும் போகும். அதனால் தூரத்தில் மூன்றாவது நகல். ஹாங்காங் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 2,600 கிலோமீட்டர். ஒவ்வொரு வரிக்கும் அங்கிருந்து பதில் வரக் காத்திருந்தால் குறைந்தது 26 மில்லிவினாடி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் நொடிக்கு ஆயிரக்கணக்கில் பரிவர்த்தனை நடக்கும் இடத்தில் வரிசை தெரு முழுக்க நீளும். அதனால் தூரத்து நகலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். சில வினாடிக்கு ஒரு தடவை, ஒரு கட்டாகச் சேர்த்து அனுப்புவார்கள். இது குளோபல் மிரர். மூன்றாவது நகல் எப்போதுமே சில வினாடி பின்தங்கியிருக்கும். அது தெரிந்தே ஏற்றுக்கொண்ட இழப்பு.

இப்போது முக்கியமான விஷயம். சில அமைப்புகளில் இந்த மூன்றும் சங்கிலி மாதிரி கோக்கப்பட்டிருக்கும். அண்ணன் மச்சானிடம் சொல்வார், மச்சான் சென்னையில் இருக்கும் தம்பிக்கு அனுப்புவார். தம்பிக்கு அண்ணனோடு நேரடிப் பேச்சே இல்லை. இப்படி ஒன்றையொன்று நம்பி ஓடும் நகல் வேலைகளைத்தான் ‘இணைக்கப்பட்ட செஷன்கள்’ என்பார்கள். ஒரு செஷன் என்பது ஒரு டிஸ்க் இல்லை. நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஒரே குழுவாகக் கட்டி, ஒரே கட்டளையில் நடத்துவது.

ஏன் குழுவாக? ஓர் ஊழியர் தன் அம்மாவின் கணக்குக்கு 500 வெள்ளி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் 500 குறைய வேண்டும், அம்மா கணக்கில் 500 கூட வேண்டும். இரண்டும் வெவ்வேறு டிஸ்க்கில் இருக்கலாம். ஒரு டிஸ்க்கின் நகல் நின்று, இன்னொன்றின் நகல் ஓடிக்கொண்டே இருந்தால், நகலில் அம்மாவுக்குப் பணம் வந்திருக்கும், மகனிடமிருந்து போயிருக்காது. அல்லது மகனிடமிருந்து போயிருக்கும், அம்மாவுக்கு வந்திருக்காது. அதனால்தான் ஒன்று நின்றால் எல்லாம் நிற்க வேண்டும் என்பது விதி. பழசாக இருந்தாலும் பரவாயில்லை, கணக்கு ஒத்துப்போக வேண்டும்.

மச்சான் சாப்பிடப் போனால்?

இப்போது பராமரிப்புக்கு வருவோம். தெம்பனிஸ் நிலையத்தில் சேமிப்பகத்தின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். கடை மொழியில் சொன்னால், மச்சான் ரெண்டு மணி நேரம் இருக்க மாட்டார்.

அவர் பாட்டுக்கு எழுந்து போய்விட்டால் இரண்டு விஷயம் நடக்கும். அண்ணன் “எழுதிட்டேன்” என்ற பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். கடை நின்றுபோகும். தம்பியின் நோட்டு ஒரு கட்டின் பாதியில் அந்தரத்தில் நிற்கும். ரெண்டுமே வேண்டாம்.

அதனால் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சங்கிலியின் கடைசிக் கண்ணி. தம்பிக்குப் போய்க்கொண்டிருக்கும் கட்டை முழுசாக முடித்து, கணக்கு ஒத்துப்போகும் ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் அண்ணனுக்கும் மச்சானுக்கும் இடையிலான செஷனை நிறுத்திவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் தலைகீழ்: முதலில் அண்ணன்–மச்சான், அது முழுசாகச் சேர்ந்த பிறகு மச்சான்–தம்பி. வசதி இருக்கும் அமைப்புகளில், மச்சான் இல்லாத நேரத்துக்கு மட்டும் அண்ணனைத் தம்பியோடு நேரடியாகக் கோத்துவிடுவதும் உண்டு.

வேலை நடக்க வேண்டியது அண்ணன் பக்கமே என்றால்? அப்போது கடையையே மச்சான் வீட்டுக்கு மாற்ற வேண்டும். ஹைப்பர்ஸ்வாப் என்ற ஏற்பாடு இதைச் சில வினாடிகளில், செயலிகளை நிறுத்தாமலே செய்துவிடும். வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அது வேலை செய்ய ஒரு நிபந்தனை: மாற்றும் அந்த நொடியில் இரண்டு நோட்டும் முழுசாக ஒத்திருக்க வேண்டும். ஏற்கெனவே எங்கோ ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தால் மாறாது. அதனால் பொறியாளர்கள் முதலில் பார்ப்பது வேலைப் பட்டியலை இல்லை, செஷனின் நிலையைத்தான். எல்லாம் தயார் என்று காட்டினால்தான் அடுத்த அடி.

உண்மையான ஆபத்து திரும்பி வரும்போதுதான்

நிறுத்திவைத்திருக்கும் நேரம்தான் ஆபத்து என்று நமக்குத் தோன்றும். அந்த நேரத்தில் பாதுகாப்பு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் மச்சானின் நோட்டில் அப்போது ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அது 2 மணி நிலவரத்தைச் சரியாகக் காட்டும். பழசு, ஆனால் நம்பலாம்.

மச்சான் 4 மணிக்குத் திரும்பி வருகிறார். இந்த ரெண்டு மணி நேரத்தில் எழுதியதை எல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டும். முழு நோட்டையும் மறுபடி படித்துக்காட்ட நேரமில்லை. அதனால் எந்தெந்தப் பக்கம் மாறியது என்று அண்ணன் ஓரத்தில் டிக் போட்டு வைத்திருப்பார். சேமிப்பகமும் அதையேதான் செய்கிறது: ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறி, மாறியது, மாறவில்லை. இதனால் மறுபடி ஒத்திசைக்கும் வேலை மளமளவென்று முடியும்.

இங்கேதான் சிக்கல். டிக் போட்ட பக்கங்கள் பக்க எண் வரிசையில் போகும். எழுதப்பட்ட நேர வரிசையில் போகாது. 3 மணிக்கு எழுதிய 12ஆம் பக்கம் முதலில் போகும், 2:15க்கு எழுதிய 80ஆம் பக்கம் கடைசியில் போகும். பாதி வழியில் மச்சானின் நோட்டைத் திறந்து பார்த்தால் அது 2 மணி நிலவரமும் இல்லை, 4 மணி நிலவரமும் இல்லை. எந்த நேரத்திலுமே இருந்திராத ஒரு கணக்கு. சரியாக அந்த இடைவெளியில் அண்ணன் கடையில் தீப்பிடித்தால், கையில் இருப்பது பயன்படாத ஒரு நோட்டு.

சங்கிலியாகக் கோத்திருந்தால் இன்னும் மோசம். அவசரப்பட்டு மச்சான்–தம்பி இணைப்பையும் உடனே திறந்துவிட்டால், இந்தக் குழம்பிய பக்கங்கள் சென்னை வரைக்கும் போய்விடலாம். மூன்று நோட்டில் இரண்டு ஒரே நேரத்தில் நம்ப முடியாமல் போகும்.

இதற்கு வழி ரொம்ப எளிது. ஒத்திசைவைத் தொடங்கும் முன், மச்சானின் அந்த 2 மணி நோட்டை அப்படியே ஒரு ஃபோட்டோகாப்பி எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். சேமிப்பகங்களில் இதை ஃப்ளாஷ்காப்பி மாதிரியான வசதி சில வினாடிகளில் செய்யும். கூடுதல் டிஸ்க் இடம் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். ஒன்றும் நடக்காத நூறு இரவுகளில் அது வீண் செலவு மாதிரிதான் தெரியும். செலவைக் குறைக்கும் கூட்டங்களில் முதலில் கண்ணில் படுவதும் இந்த மாதிரி விஷயங்கள்தான்.

2010இல் டிபிஎஸ்ஸில் தடுமாறியது நகல் செஷன் என்று யாரும் சொல்லவில்லை. அது சேமிப்பகத்தின் இணைப்பைப் பழுதுபார்த்த வேலை. ஆனால் இரண்டும் ஒரே வகை: இயங்கிக்கொண்டிருக்கும் கணக்கு நோட்டின் மேலேயே கை வைக்கும் வேலை. அங்கே தொழில்நுட்பம் தோற்கவில்லை. கையில் இருந்த தாள் பழசாக இருந்தது. ‘வழக்கமான வேலை’ என்று சொல்லிவிட்டால் செய்முறையின் தேதியை யார் பார்க்கிறார்கள்?

2023: நகல் இருந்தது, போக வழி இல்லை

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் நான்கு வாரம். பிற்பகல் சுமார் 3 மணி, கடைவீதிகளில் கூட்டம் சேரும் நேரம். டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டின் சேவைகளும் ஒன்றாக விழுந்தன.

இந்தத் தடவை டிஸ்க் இல்லை, குளிர்சாதனம். இரண்டு வங்கிகளும் பயன்படுத்திய ஈக்வினிக்ஸ் தரவு நிலையத்தில் குளிரூட்டும் முறையைத் திட்டமிட்டு மேம்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் ஒரு தவறான சமிக்ஞையை அனுப்ப, குளிர்ந்த நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. அறை சூடேறியது. கணினிகள் நின்றன.

இரண்டு வங்கிகளும் மாற்று நிலையத்துக்கு மாற முயன்றன. டிபிஎஸ் பக்கம் கட்டமைப்பு அமைப்பில் ஒரு பிழை. சிட்டிபேங்க் பக்கம் இணைப்புக் கோளாறு. இரண்டாலும் முழுசாக மாற முடியவில்லை. சேவைகள் முழுசாகச் சீராக மறுநாள் அதிகாலை ஆகிவிட்டது. அதற்குள் சுமார் 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறாமல் போனதாகப் பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மின்னிலக்க வங்கிச் சேவைக்குள் நுழைய மக்கள் செய்த 810,000 முயற்சிகள் வரை தோற்றன.

அந்த ஆண்டு டிபிஎஸ்ஸில் ஏற்கெனவே சில தடங்கல்கள் நடந்திருந்ததால், நாணய ஆணையம் கடுமையாக நடந்துகொண்டது. நவம்பர் 1 முதல் ஆறு மாதத்துக்குப் புதிய தொழில்களை வாங்கக் கூடாது, அவசியமில்லாத கணினி மாற்றங்களைச் செய்யக் கூடாது, கிளைகளையும் ஏடிஎம்களையும் குறைக்கக் கூடாது என்றது. கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். செயலி விழும்போது பணம் எடுக்க இடம் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

நோட்டு இருந்தால் போதாது, அதைத் திறக்கும் சாவி எங்கே என்று யாராவது அவ்வப்போது போய்ப் பார்த்திருக்க வேண்டும். பராமரிப்பு இரவுகளில் வங்கிகள் வேண்டுமென்றே ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் பார்ப்பது இதற்காகத்தான். உண்மையான விபத்தில் முதல் தடவையாக அந்தக் கதவைத் திறக்கக் கூடாது.

நான்கு மணி நேரக் கணக்கு

சிங்கப்பூரில் இதற்கு விதி இருக்கிறது. 2014 ஜூலை முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஒரு வங்கியின் முக்கியமான அமைப்பு ஒவ்வொன்றும் எந்த 12 மாதத்திலும் மொத்தமாக 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக் கூடாது. பெரிய கோளாறு கண்டுபிடிக்கப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும்.

‘எதிர்பாராமல்’ என்ற சொல்தான் இங்கே விஷயம். முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் பராமரிப்பு அந்த 4 மணி நேரத்தில் சேராது. அறிவித்த நேரத்தைத் தாண்டி இழுத்தால் கதை மாறும். ஒன்றும் ஆகாது என்று அவர்களே நினைக்கும் வேலைக்குக்கூட வங்கி உங்களுக்கு அறிவிப்பு அனுப்ப இது ஒரு காரணம். இன்னொரு காரணம் எளிமையானது: வேலையைப் பகலில் செய்ய யாருக்கும் தைரியம் இல்லை.

அடுத்த அறிவிப்பு வரும்போது

நேரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஊருக்குப் பணம் அனுப்புகிற நண்பர் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள், முந்தின ராத்திரியே அனுப்பிவிடலாம். கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

அந்த நேரத்தில் பேநவ் வழியாக அனுப்பியது சுற்றிக்கொண்டே இருந்தால், உடனே மறுபடி அழுத்த வேண்டாம். முதல் கட்டளை எங்கோ பதிவாகியிருக்கலாம். அப்படியானால் இரண்டு தடவை போகும். சேவை திரும்பியதும் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள், பெறுபவரிடமும் கேளுங்கள். பணம் உங்கள் கணக்கிலிருந்து போய், அந்தப் பக்கம் சேரவில்லை என்றால், திரையைப் படம் எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு வங்கியை அழையுங்கள்.